வடையும் வழக்கும்: பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை

பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு வீதிக்கு பஸ் மாறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏ9இல் நேரே போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அங்கேயே கச்சான் வாங்கிக்கொள்ளலாம். சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் நடந்தால், தகரக் கூரையும் முன்னால் ஒரு வேப்ப மரமுமாக ஒரு கடை. பெயர்ப் பலகை இல்லை. ‘அக்கா கடை’ என்று கேட்டால் ஓட்டோக்காரர்கள் காட்டுவார்கள். 2025 தைப்பொங்கல் கழிந்த கிழமைதான் திறந்தது. காலை 4.30க்கு அடுப்பு எரியும், 10.30க்குச் சட்டி கழுவிவிடுவார். பின்னேரம் 2.00 மணியிலிருந்து 6.30 வரை மறுபடி.

நான் கரடிப்போக்கில் இருக்கிறேன். விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். 6.00 மணிக்குப் பரந்தனில் இறங்கினால் அடுத்த பஸ் 6.45க்கு. அந்த 45 நிமிடமும் பத்து மாதமாக இந்தக் கடை வாங்கில்தான் போகிறது. பெண்கள் தனியாகப் போய் இருக்கலாமா என்று என்னோடு படிப்பிக்கிறவர்களே கேட்டிருக்கிறார்கள். இருக்கலாம். கடைக்காரியே பெண், அடுப்படியில் அவருடைய அம்மா. உள்ளே சுவரோரம் போட்டிருக்கும் வாங்கில் காலையில் பாதிப் பேர் ரீச்சர்மாரும் தாதிமாரும்தான். சிகரெட் பிடிக்கிறவர்கள் வேப்ப மரத்தடிக்குப் போக வேண்டும். அதை அக்கா வாயால் சொல்வதில்லை, தும்புத்தடியால் வாசலைக் காட்டுவார்.

முதலில் சாப்பாடு. உளுந்து வடை ஒன்று 60 ரூபா. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, நடுவில் மிளகு கடிபடும். கூடவே வரும் செத்தல் மிளகாய்ச் சம்பலை அம்மா அம்மியில் அரைக்கிறார். மிக்சியில் அடித்த சம்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நாக்கில் வைத்த உடனே தெரியும். கடலை வடை பரவாயில்லை, ஆறினால் கல்லு. மீன் பணிஸ் 6.15க்கு முன் முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை கிடையவே கிடையாது. இஞ்சிப் பிளேன்ரீயைச் சீனி போடாமல் கேளுங்கள். ஒரு துண்டுப் பனங்கட்டியைச் சின்னத் தட்டில் வைத்துத் தருவார், கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். பால் தேத்தண்ணி மாப்பாலில் ஊற்றுவது. அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

சரி, இந்தக் கடைக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், வன்னியில் பேஸ்போல் பற்றி அடிபடும் ஒரே தேத்தண்ணிக் கடை இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்காவின் தம்பி ஸ்காபரோவில் இருக்கிறார். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி என்றால் உயிர். அங்கே பின்னேரம் 7.07க்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே காலை 4.37, அக்கா அடுப்பு மூட்டும் நேரம். ஆரம்பத்தில் அக்காவோடு கதைக்கத்தான் வட்ஸ்அப்பில் எடுத்திருக்கிறார். பிறகு கதை குறைந்து, தன் போனை ரீவிக்கு நேரே நிறுத்திவைத்துவிட்டு அவரும் பார்ப்பார், இங்கே சீனிப் பேணியில் சாய்த்துவைத்த போனில் எல்லாரும் பார்ப்போம். சில நாளில் அவருடைய மகன் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவான். அப்போது ஆட்டத்துக்குப் பதிலாக ஸ்காபரோ வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் போய் இருக்கும்போது நாலாவது இன்னிங்ஸ், பஸ் ஏறும்போது ஆறாவது. அதனால் ஓர் ஆட்டத்தின் முடிவையும் நான் கண்ணால் கண்டதில்லை.

விளங்குவது கஷ்டமாக இருக்கவில்லை. நான் எங்கள் பள்ளிக்கூடத்து எல்லே அணியோடு வெயிலில் நிற்கிறவள். மூங்கில் பொல்லால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவந்து சேர வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும். எல்லேயில் எங்கள் ஆளே எங்களுக்கு அடிக்கத் தோதாகப் பந்து போடுவார், பேஸ்போலில் எறிகிறவர் எதிரி. மிச்சத்தை அந்த வித்தியாசத்திலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

ஒக்டோபரில் ஜேய்ஸ் உலகத் தொடருக்கு, அதாவது பேஸ்போலின் இறுதித் தொடருக்கு, வந்ததும் கடை தலைகீழாகிவிட்டது. மூன்றாவது ஆட்டம் எதிரணி டொட்ஜர்ஸின் ஊரான லொஸ் ஏஞ்சலிஸில். இங்கே 28ஆம் திகதி செவ்வாய்க்கிழமை விடிய 5.30க்குத் தொடங்கியது. நான் பஸ் ஏறினேன், இரண்டு பாடம் எடுத்தேன், இடைவேளைக்கு அக்காவுக்கு அடித்தால் ‘இன்னும் நடக்குது ரீச்சர், நான் சட்டி கழுவவே இல்லை’ என்றார். ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. மத்தியானம் 12 மணி தாண்டி ஃபிரெடி ஃபிறீமன் வேலிக்கு மேலால் அடித்த ஹோம் ரணில் டொட்ஜர்ஸ் 6-5 என்று வென்றது. அன்று கடையில் மத்தியானத்துக்கும் வடை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை, கேட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் வழக்கு பிறந்தது. ட்ரே யெசாவிஜ் என்று 22 வயதுப் பெடியன், பந்து எறிகிறவன். அந்த வருடம் சித்திரையில் அடிமட்ட லீக்கில் தொடங்கியவன், ஒவ்வொரு படியாக ஏறி, செப்டெம்பர் நடுப்பகுதியில்தான் ஜேய்ஸுக்கு வந்து சேர்ந்தான். அவன் டொட்ஜர்ஸ் மண்ணிலேயே ஏழு இன்னிங்ஸ் எறிந்து 12 பேரை ஸ்ரைக் அவுட் ஆக்கினான், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியே அனுப்பினான். ஒருவருக்கும் சும்மா முதல் பேஸ் கொடுக்கவில்லை. உலகத் தொடரில் ஒரு புதுமுகம் இத்தனை பேரைச் சுருட்டியது அதுவரை இல்லை. போனுக்குள் இருந்து தம்பி கத்திய கத்தலில் சீனிப் பேணி சரிந்து போன் சம்பலுக்குள் விழுந்துவிட்டது.

கடைசியில் ஏழாவது ஆட்டத்தில் ஜேய்ஸ் 11 இன்னிங்ஸ் ஆடி 5-4 என்று தோற்றது. இரண்டு நாள் கடையில் சத்தம் இல்லை. பிறகு நவம்பரில் ‘வருடத்தின் புதுமுகம்’ பரிசு அறிவிப்பு வந்தது. அமெரிக்க லீக், தேசிய லீக் என்று இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு. ஜேய்ஸ் இருப்பது அமெரிக்க லீக்கில். அங்கே வென்றவர் அத்லெற்றிக்ஸ் அணியின் நிக் கேர்ட்ஸ், வாக்களித்த 30 பேஸ்போல் எழுத்தாளர்களும் அவருக்கே முதல் இடம் கொடுத்திருந்தார்கள். யெசாவிஜ் பக்கத்திலேயே இல்லை.

‘உதென்ன ஞாயம்?’ என்று எழும்பியவர் ஓட்டோக்காரத் தம்பி. அவருக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் ஐயா. அந்த நாளில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தினசரிக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு எழுதாமல் எந்தக் கதையும் தொடங்க மாட்டார்.

‘தம்பி, அவையள் வாக்குப் போடுறது வழமையான பருவ ஆட்டம் முடிஞ்ச கையோட. ஒக்டோபர் ஆட்டம் கணக்கில்லை. உங்கட பெடியன் அதுக்கு முதல் எத்தினை ஆட்டம்? மூண்டு. மூண்டு ஆட்டம் எறிஞ்சவனுக்கு வருசப் பரிசோ?’

ஐயா சொன்னது சரி. மூன்று ஆட்டம், 14 இன்னிங்ஸ். கேர்ட்ஸ் 117 ஆட்டத்தில் 36 ஹோம் ரண் அடித்தவர். ஜூலை 25 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக ஆறு தரம் அடிக்க வந்து ஆறு தரமும் அடித்தார், அதில் நாலு ஹோம் ரண். ஒரு புதுமுகம் ஒரே ஆட்டத்தில் நாலு அடித்தது அதுதான் முதல் தடவை. ஐயாவுக்கு இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்றும் இருந்தது. அத்லெற்றிக்ஸ் ஓக்லண்டை விட்டுவிட்டு, லாஸ் வேகாஸில் மைதானம் கட்டி முடியும்வரை சக்ரமென்ரோப் பக்கம் ஒரு சின்ன லீக் மைதானத்தில் ஆடுகிறது, பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரே போடுவதில்லை. ‘இடம்பெயர்ந்த ரீமுக்கு ஆடி 36 அடிச்சிருக்கிறான். சொந்த மண்ணில ஆடுறவனை விட இவனுக்குத்தான் குடுக்க வேணும்.’ இதற்கு இந்த ஊரில் யார் மறுப்புச் சொல்லப் போகிறார்கள்? கிளிநொச்சியிலிருந்து சாமான் கட்டிய கதை எல்லார் வீட்டிலும் உண்டு. ஓட்டோத் தம்பியே தலையைச் சொறிந்தார்.

ஆனால் அவரும் விடுகிற ஆள் இல்லை. அடுத்த நாள் போனில் தேடிக்கொண்டு வந்தார். 1959இல் வில்லி மக்கோவி என்பவர் 52 ஆட்டம் மட்டும் ஆடி, எல்லா வாக்கும் வாங்கிப் புதுமுகப் பரிசு எடுத்திருக்கிறார். ‘ஐயா, 52 காணுமெண்டா 3 ஏன் காணாது? எத்தினையில கோடு?’ ஐயா கலண்டர் தாளில் 52க்குக் கீழே 3 எழுதி, நீளமாகப் பார்த்துவிட்டு, ‘இதுக்குப் பதில் சொன்னா நீ நாளைக்கு 2 எண்டு வருவாய்’ என்றார். அன்று நான் சிரித்ததில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

தேசிய லீக் பற்றிச் சண்டை வரவில்லை. அத்லாண்டாவில் அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கச்சர் ட்ரேக் போல்ட்வின் வென்றார், சிக்காகோவின் கேட் ஹோர்ட்டன் இரண்டாவது. இங்கே ஹோர்ட்டனுக்கு ஆள் இல்லை. நாள் முழுக்கக் குந்தி இருக்கிறவனுக்குப் பரிசு கொடுப்பது நல்லதுதான் என்று அக்காவின் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார், அதோடு முடிந்தது.

உண்மையான சண்டை ‘புதுமுகம்’ என்றால் யார் என்பதில். விதி லேசானது: அடிக்கிறவர் முந்திய வருடங்களில் 130 தரத்துக்கு மேல் அடிக்க வந்திருக்கக் கூடாது, எறிகிறவர் 50 இன்னிங்ஸ் தாண்டியிருக்கக் கூடாது, அணியில் 45 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. வேறு நாட்டில் எத்தனை வருடம் ஆடினார் என்பது விதியில் இல்லை. அதனால்தான் 2001இல் இச்சிரோ, ஜப்பானில் ஒன்பது பருவம் ஆடிவிட்டு 27 வயதில் வந்தவர், 242 தரம் அடித்து அதே வருடம் புதுமுகமாகவும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் வந்தார். 2003இல் ஹிடெகி மட்சுயிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கன்சாஸ் சிற்றியின் ஏஞ்சல் பெரோவாவிடம் 88-84 என்று நாலு புள்ளியில் தோற்றார். இரண்டு எழுத்தாளர்கள், ஜப்பானில் பழுத்தவர் எப்படிப் புதுமுகம் என்று அவருடைய பெயரைத் தங்கள் தாளில் எழுதவே இல்லை. எழுதி இரண்டாம் இடம் கொடுத்திருந்தால் வென்றிருப்பார்.

அந்த இருவரும் செய்தது சரி என்று ஐயா சொன்னார். நான் இல்லை என்றேன். பத்து மாதத்தில் நான் அந்தக் கடையில் குரல் உயர்த்தியது அன்றுதான்.

காரணம் சொல்கிறேன். நான் ஆறு வருடம் தொண்டர் ஆசிரியையாக நின்றவள். சம்பளம் இல்லை, பஸ் காசு அம்மாவின் கோழி முட்டை விற்றதில். ஆறு வருடமும் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். நியமனக் கடிதம் வந்தபோது 33 வயது. பொறுப்பேற்ற அன்று காலைக் கூட்டத்தில் என்னைப் ‘புது ரீச்சர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். முன் வரிசையில் நின்ற பிள்ளையின் அண்ணன் என்னிடம் படித்துவிட்டுக் கம்பஸ் போயிருந்தான். சேவைக் காலம் அன்றைக்குத்தான் தொடங்கியது. அந்த ஆறு வருடமும் எந்தக் கோவையிலும் இல்லை. கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றால் புதுமுகம் என்ற பெயரையாவது முழுதாகத் தர வேண்டும். கணக்கிலும் சேர்க்காமல், ‘நீ பழம் ஆள்’ என்று பரிசையும் மறுத்தால் என்ன கதை? மட்சுயி விஷயத்தில் எனக்கு வந்த கோபம் இதுதான்.

இந்தப் பரிசுக்கு 1987இலிருந்து யாருடைய பெயர் என்று ஐயாவிடம் கேட்டேன். ஜாக்கி ரொபின்சன், பெரிய லீக்கில் கறுப்பர்களுக்கு இருந்த தடையை உடைத்தவர். 1947இல் முதல் பரிசை வாங்கியபோது அவருக்கு 28 வயது. அதற்கு முந்திய வருடம் மொன்றியலில், அதற்கும் முன் கறுப்பர்களுக்கான லீக்கில் கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸில் ஆடியவர். ஆட்டம் பழையது, கதவுதான் அந்த வருடம் திறந்தது. ஐயா பென்சிலை வைத்துவிட்டார். உடன்பட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பணிஸ் வந்திருந்தது.

சேவை நாள் கணக்கை வைத்து விளையாடுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். 2015இல் சிக்காகோ கப்ஸ், கிரிஸ் பிரயன்ற் என்பவரை முதல் சில நாள் கீழ் லீக்கிலேயே வைத்திருந்துவிட்டுப் பிறகு கூப்பிட்டது. 172 நாள் இருந்தால் ஒரு முழு வருடச் சேவை, அவருக்கு 171. ஒரு நாள் குறைவு, அதனால் அவர் இன்னொரு வருடம் அணியின் கையில். புதுமுகப் பரிசை எல்லா வாக்கும் வாங்கி வென்றார், முறைப்பாடும் செய்தார், 2020இல் தீர்ப்பு அணிப் பக்கம் போனது. இதை நான் ஓட்டோத் தம்பிக்குச் சொன்னபோது பக்கத்து வாங்கில் இருந்த, இன்னும் நிரந்தரம் ஆகாத ரீச்சர் ஒருத்தி தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். ‘171ஓ அக்கா?’ என்றாள். ஆட்டக்காரர் சங்கமும் அணிகளும் செய்த 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே பெயர் பெற்ற இளம் ஆட்டக்காரர் ஒருவர் இந்த வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், பிந்தி வந்திருந்தாலும் முழு வருடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிற்ஸ்பேர்க்கின் போல் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம்தான் வந்தார், 23 ஆட்டம், 170 ஸ்ரைக் அவுட், பரிசை வென்று முழு வருடமும் வாங்கினார். அவளுக்கு இதையும் சொன்னேன். எங்களுக்கும் யாராவது வாக்குப் போடுவார்களா என்று கேட்டாள்.

கடைசியில் கடையிலேயே ஒரு வாக்கெடுப்பு வைத்தோம். பழைய கொப்பித் தாளைக் கிழித்து 11 சீட்டு. முதல் இடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1 புள்ளி. எழுத்தாளர்கள் 1980இல் தொடங்கி 2024 வரை வைத்திருந்த முறை அது. கணக்கு ரீச்சர் என்பதால் எண்ணும் வேலை எனக்கு. கேர்ட்ஸ் 43, யெசாவிஜ் 32. மூன்று பேர் யெசாவிஜின் பெயரையே எழுதவில்லை. ஒரு சீட்டில் ‘ஓட்டானி’ என்று இருந்தது. டொட்ஜர்ஸின் அந்த ஜப்பான் ஆட்டக்காரர் 2018இலேயே வாங்கிவிட்டார் என்று அந்தப் பெயரை மட்டும் தள்ளினேன். என் முதல் இடம் கேர்ட்ஸுக்கு. யெசாவிஜை இரண்டாவதாக எழுதினேன். மூன்று ஆட்டத்துக்கு இரண்டாம் இடம் கூட அதிகம் என்று தெரியும். அந்தச் சம்பலில் விழுந்த போன் கண்ணுக்குள் நின்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மழை நாளில் உள் வாங்கின் இடது முனை ஒழுகும். இப்போது மாரி, வலது முனையைப் பிடியுங்கள். மீதிக் காசு பத்து ரூபாய்க்கு ரொபி தருகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, நான்கு தரம் சொல்லிவிட்டேன். கை கழுவத் தண்ணி வாளி பின்பக்கம், வழியில் நாய் படுத்திருக்கும், கடிக்காது. ஆட்டம் நடக்கிற நாளில் அக்காவின் கவனம் போனில் இருப்பதால் வடை சில சமயம் கறுத்துவிடும். வடை சுற்றித் தருவது பழைய பரீட்சைத் தாளில். ஒருநாள் என் மாணவன் ஒருவனின் இருபடிச் சமன்பாடு சம்பலோடு கைக்கு வந்தது, விடை பிழை.

பத்து மாதக் கடைக்கு இவ்வளவு நல்ல வடை எப்படி என்று கேட்டேன். திறக்க முந்தி 11 வருடம் வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின் அடுப்பில் நின்றாராம். முன்பக்கம் யாருக்கும் அவர் முகம் தெரியாது. ‘இந்த வருசத்துப் புதுமுகக் கடை’ என்று ஓட்டோத் தம்பி சுவரில் கரியால் எழுதியிருக்கிறார். ஐயா அதன் கீழே சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அக்கா இரண்டையும் அழிக்கவில்லை.

அக்கா மட்டும் சீட்டு எழுதவில்லை. தம்பியின் அணி, அவனுக்குப் போடாவிட்டால் வீட்டில் சண்டை வரும் என்று நினைத்தேன். எண்ணி முடித்த பிறகு, உங்கள் வாக்கு யாருக்கு என்று கேட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

‘மூண்டு ஆட்டந்தானே ஆடினவன் எண்டு ஐயா சொன்னவர்? அப்ப 50 தாண்டேல்லை. வாற வருசமும் அவன் புதுப் பெடியன்தானே, ரீச்சர்?’

ஆம், 14 இன்னிங்ஸ்தான், அடுத்த வருடமும் தகுதி இருக்கிறது என்றேன்.

‘பிறகேன் இப்ப அடிபடுறியள். பஸ் வருது, வடையைப் பிடியுங்கோ.’